பொருளாதார மந்த காலத்துல ஸ்கில் ட்ரெய்னிங்குக்குக் கொட்டுன காசும் எனக்கு வராத 500 ரூபாயும்

கணபதி லேத்
நேத்து இன்னொரு திரில அம்பத்தூர் ஷிஃப்ட்டுங்கறவரு எழுதியிருந்தாருங்க, "மந்தம் வந்தா அரசாங்கம் ட்ரெய்னிங்குக்குத்தான் காசு போடணும், கைல குடுத்தா குடிச்சே தீத்துருவானுங்க"ன்னு. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலைங்க. 2020 மார்ச்சுல கொரோனா ஊரடங்குக்குப் பூட்டுன பட்டறை ஜூன்ல தொறந்தப்ப ஆர்டர் இல்லைன்னு எங்கள்ல ஆறு பேர நிறுத்திட்டாங்க, ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் மூணு மாசத்துல, அப்ப வந்த அரசாங்கக் கணக்குப்படியே, ஜிடிபி, அதான் நாட்டோட மொத்த உற்பத்தி, முந்தின வருஷத்த விட 23.9 சதவீதம் விழுந்துச்சு, அப்ப எனக்கு லேத், அதான் இரும்பு கடையற மிஷின், ஓட்டத் தெரியலைன்னா வேலை போச்சு? 14 வருஷமா அந்த மிஷினோட சக்குல ஜாப் கட்டி வேலை பாத்தவன் நானு. அந்த வருஷ கடைசில ஒரு பயிற்சி சென்டர்ல கூப்புட்டு, ஒன்றிய அரசோட திறன் பயிற்சித் திட்டம் பிஎம்கேவிஒய்ல ஆர்பிஎல்னு ஒண்ணு இருக்குது, ஏற்கனவே தெரிஞ்ச வேலைக்கு சர்டிஃபிகேட் தருவோம், 500 ரூபா அக்கவுண்ட்ல ஏறும்னாங்க. போனேன், கேள்வி கேட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, சர்டிஃபிகேட் வந்துச்சு. 500 ரூபா இன்னைக்கு வரைக்கும் வல்லீங்க. அந்த சர்டிஃபிகேட்ட எந்தப் பட்டறைலயும் ஒருத்தரும் கேக்கவும் இல்லீங்க.

அம்பத்தூர் ஷிஃப்ட்
என் பேரைப் போட்டு திரி ஆரம்பிச்சதுக்கு நன்றி சார். ஒரு 500 ரூபா வரலன்றதுக்காக மொத்த ஸ்கீமும் வேஸ்ட்டா? உங்க ஆதார் பேங்க்ல சீடிங், அதான் அக்கவுண்டோட இணைப்பு, ஆகியிருக்காது. எங்க கம்பெனி லைன்ல 11 பசங்களுக்கு வந்துச்சு, நானே மெசேஜ் பாத்தேன். நீங்க பேங்க் பக்கம் போயி பார்ம் குடுக்காம இருந்துட்டு அரசாங்கத்தைத் திட்டுனா எப்படி.

கணபதி லேத்
என்ற ஆதார் 2017லயே சேத்தாச்சு, கேஸ் மானியம் அதே அக்கவுண்ட்ல ஏறுச்சுங்க. கேஸ் மானியத்துக்கு வழி தெரிஞ்ச ஆதாருக்கு 500 ரூபாய்க்கு மட்டும் வழி தெரியாம போயிருச்சா? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.

போடி டீச்சர்
நான் ஐடிஐ-ல, அதான் தொழிற்பயிற்சி நிலையத்துல, பாடம் எடுக்குறவ. ரெண்டு பேரும் வேற வேற விசயத்தப் பேசுறீங்க. புதுசா மாசக்கணக்குல கத்துக்குடுக்குறது ஒண்ணு, தெரிஞ்சவன பரீட்சை வச்சு சர்டிஃபிகேட் குடுக்குற ஆர்பிஎல் ஒண்ணு. எங்க ஐடிஐ-ல ரெண்டு வருசம் டர்னர், அதான் லேத் வேல, படிக்கிற பையனையும் இந்த ரெண்டு நாள் சர்டிஃபிகேட்டையும் ஒரே தராசுல வச்சு "பயிற்சி"ன்னு சொன்னா எனக்கு வயிறு எரியுது.

அம்பத்தூர் ஷிஃப்ட்
டீச்சரம்மா, உங்க ஐடிஐ பசங்களுக்கு வெர்னியர்ல அளவு பாக்கவே நாங்க ஒரு மாசம் திருப்பிச் சொல்லிக் குடுக்குறோம், அது தெரியுமா? 500 ரூபா விஷயம் பேசிட்டு இருக்கோம், அது ஆதார் சீடிங் பிரச்சனை, அவ்ளோதான்.

போடி டீச்சர்
எங்க பசங்களப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கு? பழைய மிஷின வச்சுக்கிட்டு, காலியான பணியிடத்துக்கும் சேத்து நாங்க பாடம் எடுக்குறோம். அதுக்குக் காசு போடச் சொல்லி என்னைக்காவது ஒரு வரி எழுதியிருக்கீங்களா?

கணபதி லேத்
டீச்சர் சொல்றது நாயம். ஆனா என்ற கேள்வி அப்படியே கெடக்குது. அரசாங்கக் கணக்கத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கை 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல வெச்சாங்கல்ல, பிஎம்கேவிஒய் பத்தி, அதுல என்ன இருக்குது? பயிற்சி எடுத்ததா எழுதியிருக்கற 95 லட்சத்துச் சொச்சம் பேருல நூத்துக்கு 94க்கு மேல பேங்க் அக்கவுண்ட் நம்பர் இருக்கவேண்டிய எடத்துல சைபர், இல்லீன்னா வெறும் காலி. இப்ப சொல்லுங்க, தப்பு என்ற ஆதார்லயா, அவங்க கம்ப்யூட்டர்லயா? நான் பாஸ்புக் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி குடுத்தேனுங்க. அத எங்க கொண்டுபோயி போட்டாங்க?

அம்பத்தூர் ஷிஃப்ட்
முழுசா படிங்க சார். அதுக்கு அமைச்சகம் பதிலும் சொல்லியிருக்கு, ஆதார் இணைச்ச அக்கவுண்டுக்கே நேரா போறதால பேங்க் நம்பர் கட்டாயம்ன்றத பின்னாடி எடுத்துட்டாங்க. நான் சொன்னதேதான். ஆதார் சீடிங்.

கணபதி லேத்
ஆதார் வழியா போகுதுன்னா எனக்கு ஏன் வல்லீங்க? கேஸ் மானியம் வந்துச்சுங்கறேன். திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீங்க.

ஸ்டுட்கார்ட் முருகு
ஜெர்மனில குர்ட்ஸ்ஆர்பைட்னு ஒண்ணு இருக்கு. ஆர்டர் கொறஞ்சா ஆள நிறுத்தாம வேலை நேரத்தக் கொறைப்பாங்க, அதனால கொறையுற சம்பளத்துல 60 சதவீதம், புள்ளை இருந்தா 67, அரசாங்கம் குடுக்கும். 2020ல மாசம் ஆக ஆக 80, 87 வரைக்கும் ஏத்துனாங்க. எனக்கே அஞ்சு மாசம் வந்துச்சு, ஆர்டர் திரும்புனப்ப அதே மிஷின்ல அதே ஆளு நின்னான். நம்ம ஊர்ல வேலையில இருந்து தொரத்திட்டு அப்புறம் ட்ரெய்னிங்குக்குக் கூப்புடுறோம்.

அம்பத்தூர் ஷிஃப்ட்
வந்துட்டாருய்யா ஜெர்மனிக்காரரு. அங்க சம்பளத்துல எவ்ளோ பிடிக்கிறான்னும் சொல்லுங்க. இங்க பாதிப் பட்டறைல சம்பள சிலிப்பே கெடையாது, எதுல 60 சதவீதம் குடுப்ப?

ஸ்டுட்கார்ட் முருகு
அதத்தான நானும் சொல்றேன், சிலிப் குடுக்க வைக்கிறதுதான் மொத வேலை. வெளிநாட்டுல இருக்கோம்னா வாயே தொறக்கக் கூடாதா? மாசா மாசம் ஊருக்குத்தான் அனுப்புறேன்.

ஓரகடம் 2018
எனக்குத் தொழிலாளர் காப்பீடு இஎஸ்ஐ-ல வேலை போனதுக்கு உதவித்தொகை வந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல சம்பளத்துல 25 சதவீதம்னு இருந்தத 50 ஆக்குனாங்க, 90 நாள் வரைக்கும். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைஞ்சு வாங்குனேன். அந்தக் காசுலதான் அம்மாவுக்கு மாத்திரை, வீட்டு வாடகை. குடிச்சே தீக்குறோம்னு எழுதுனவரு மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்.

அம்பத்தூர் ஷிஃப்ட்
எல்லாரையும் சொல்லல. டாஸ்மாக் தொறந்த அன்னைக்கு எத்தன கிலோமீட்டர் லைன் நின்னுச்சு, எல்லாரும் பாத்ததுதான.

கணபதி லேத்
லைன்ல நின்னவன் எல்லாம் வேலை போனவனா? நீங்க அதுக்குள்ள போகாதீங்க. கிராமத்துல நூறு நாள் வேலைக்கு அப்ப 40,000 கோடி கூட ஒதுக்குனாங்க, மண்ணு வெட்டுனவங்க கைக்குக் காசு போச்சு, அரிசி வாங்குனாங்க, கடைக்காரன் பொழைச்சான். டவுன்ல பட்டறை வேலைக்காரனுக்கு என்ன இருந்துச்சு? எங்க பட்டறைல இஎஸ்ஐ புடிக்கவே இல்லைங்க. வேலைவாய்ப்பு ஆபீசுல உதவித்தொகைன்னு போனா, பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆயிருக்கோணும், அதுவும் பத்தாவது பாஸுக்கு மாசம் 300, டிகிரிக்கே 600. ஆனா 2021 ஜனவரில பிஎம்கேவிஒய் மூணாவது ரவுண்டு 948 கோடி, 8 லட்சம் பேருக்குப் பயிற்சின்னு ஆரம்பிச்சாங்க. பயிற்சி குடுத்து எங்க அனுப்புறது, எந்தப் பட்டறை ஆள் எடுத்துச்சு அப்ப? வேலைக்குப் போனது பாதிப் பேரு கூட இல்லைன்னு அவங்க கணக்கே சொல்லுது. நாலாவது ரவுண்டுல வேலை கெடச்சுதான்னு எண்ணுறதையே விட்டுட்டாங்க. எண்ணாத கணக்குக்கு எதுக்குங்க காசு?

கழனிவாசல்
இதுக்குத்தான் மாநிலத்துல நான் முதல்வன்னு திறன் பயிற்சித் திட்டம் 2022 மார்ச் 1 ஆரம்பிச்சாங்க. ஒன்றிய அரசு ஸ்கீம மட்டும் பேசிட்டு அத ஏன் மறைக்கிறீங்க?

அம்பத்தூர் ஷிஃப்ட்
ஆஹா, கட்சிக்காரங்களும் வந்தாச்சு. அது ஸ்கூல், காலேஜ் பசங்களுக்கு ஆரம்பிச்சது, 2020ல வேலை போனவனுக்கு என்ன சம்பந்தம்?

கழனிவாசல்
யாரு கட்சிக்காரன்? உங்க பழைய பதிவெல்லாம் எடுத்துப் போடவா, நீங்க எந்தக் கட்சின்னு எல்லாருக்கும் தெரியட்டும்.

போடி டீச்சர்
கட்சிச் சண்டைய வேற எங்கயாவது வச்சுக்கங்க. ஐடிஐ காலிப் பணியிடம் பத்திக் கேட்டேன், ஒருத்தரும் பதில் சொல்லல.

அம்பத்தூர் ஷிஃப்ட்
நான் கடைசியா சொல்றேன். பயிற்சி குடுத்தா அது ஆள் கூடவே இருக்கும், காசு ஒரு மாசத்துல போயிரும். எங்க லைன்ல ஒரு பையன், விழுப்புரம், வெல்டிங் கத்துக்கினு வந்தான், இப்ப ரோபோ மிஷின் ஓடுற எடத்துல நிக்கிறான். இத யாரும் பேச மாட்டீங்க. கணபதி சாருக்கு 500 ரூபாதான் பெருசு.

கணபதி லேத்
அந்தப் பையன் நல்லா இருக்கட்டும். அவன் வந்தப்ப உங்க கம்பெனில எடம் இருந்துச்சு, அதனால நின்னான். எடமே இல்லாதப்ப எங்க ஆறு பேருல ரெண்டு பேரு பெயிண்ட் அடிக்கப் போனாங்க, ஒருத்தரு இன்னும் ஆட்டோதான் ஓட்டறாரு, இருபது வருஷம் மைக்ரான் கணக்குல அளவு பாத்த கண்ணு அது. 500 ரூபா பெருசுதாங்க. அன்னைக்கு வீட்டுல சிலிண்டர் தீந்துபோயி வெறகுல சமைச்சாங்க, அந்தக் காசு வரும்னு நாலு நாள் ஏடிஎம்முக்கு நடந்தேன். எனக்கு ஏன் வல்லைன்னு இன்னும் நீங்க சொல்லலைங்க.

அம்பத்தூர் ஷிஃப்ட்
சொல்லிட்டேன். ஆதார் சீடிங். ஸ்டேட்டஸ் ஸ்கிரீன்ஷாட் போடுங்க, பாத்துச் சொல்றேன்.

கணபதி லேத்
என்ற ஆதார உங்களுக்கு எதுக்குங்க காட்டோணும்? கேஸ் மானியம் வந்துச்சுங்கறேன்.

கழனிவாசல்
பழைய பதிவு எடுத்துட்டேன், நைட்டு போடறேன். எங்கயும் ஓடிறாதீங்க.