கல்வெட்டில் இடம்பெற வேண்டிய பெயர்கள்

அன்பார்ந்த ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் நடுநிலைப் பள்ளிக்குச் சங்கத்தின் சார்பில் கட்டப்பட்டு வரும் வகுப்பறையின் முகப்பில் பதிக்கவிருக்கும் கல்வெட்டில் யார் யார் பெயர்களைப் பொறிக்கலாம் என்று செயலாளர் அண்ணன் கருத்துக் கேட்டிருந்தார். பெரிய வாத்தியார் ஐயாவின் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நன்கொடையாளர் பெயர்களைக் கீழே சிறிய எழுத்தில் போடலாம் என்று சிங்கப்பூரிலிருந்து எழுதியவரின் யோசனையும் எனக்கு உடன்பாடே. ஆனால் ஐயாவுக்கு அடுத்ததாக, நன்கொடையாளர்களுக்கு முன்னால், இன்னொரு வரிசைப் பெயர்கள் வந்தாக வேண்டும் என்று கருதுகிறேன். நம் வீடுகளில் தார் சுற்றிய, அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்த பெண்களின் பெயர்களையே சொல்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நாம் பள்ளிக்குப் போன எண்பதுகளின் தொடக்கத்தில் கஞ்சமலைக்குக் கீழே இருந்த நம் ஊரில் வீட்டுக்கு வீடு குழித்தறிதான், அதாவது தரையில் தோண்டிய குழிக்குள் காலை வைத்து நெய்யும் கைத்தறி. தறியில் அப்பா உட்கார்ந்தால் போதாது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில், குறுக்கு நூலான ஊடை நூலை ஒருவர் ராட்டையில் ஓயாமல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுடையது என்பது அன்றைக்கு எல்லா வீட்டிலும் எழுதப்படாத வழக்கம். பிள்ளை பள்ளிக்குப் போனால் தார் நிற்கும், தார் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் சனிக்கிழமைக் கூலி குறையும். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்போடு பிள்ளைகள் நின்றுபோனதற்குக் காரணம் படிப்பின் அருமை தெரியாமை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லுவார்கள். நம் பெற்றோர் அதன் அருமையை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அதற்கு ஆகும் விலையையும் அறிந்திருந்தார்கள்.

சட்டம் இதில் குறுக்கிடவில்லை. 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு அப்போது சொல்லியிருந்தாலும், அது வழிகாட்டும் நெறியாகவே இருந்தது. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பத்தாரோடு சேர்ந்து வீட்டில் செய்யும் தொழிலுக்கு விலக்கு அளித்துவிட்டது. கல்வியை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாக்கிய சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நம் காலத்தில் ஒரு பிள்ளையை ராட்டையிலிருந்து எழுப்பி வகுப்பில் உட்கார வைக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இருக்கவில்லை. நயந்து பேசிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வழியில் ஐயா நடந்தார்.

அவர் அதை எப்படிச் செய்தார் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து வரும் முதல் வண்டியில் இறங்கி, பள்ளிக்குப் போகாமல் பாவு நூலை உலர்த்தும் திடலான பாவடிக்கு நேரே போவார். வெயில் ஏறுவதற்கு முன், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி தோய்த்து நீவி உலர்த்துவது வழக்கம் என்பதால், அந்த வேளையில் ஊர் ஆண்கள் பாதிப் பேரை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே பேசுவார்; கஞ்சி அவர் வேட்டியில் சொட்டும். "ஏன் பையனை அனுப்பவில்லை" என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை. "பையன் வந்துவிட்டால் வீட்டில் எந்த வேலை நிற்கும்?" என்று கேட்பார். தார் என்று பதில் வரும். அப்படியானால் எத்தனை தார், எந்த வேளைக்கு வேண்டும், காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமுமாகச் சுற்ற முடியுமா என்று அந்த வீட்டின் ஒரு நாள் வேலையை அவரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்பார். இப்படிக் கணக்குப் பார்த்துப் பேசியதால்தான் அவர் சொல் எடுபட்டது. அறிவுரை சொல்ல வந்தவராக அவரை ஒருவரும் நினைக்கவில்லை.

அந்தக் கணக்கை எங்கள் ஆறாம் வகுப்பில் அவர் கரும்பலகையிலும் போட்டார். அதை இன்றும் என்னால் அப்படியே எழுத முடியும். சேலையின் நீளம் ஆறு கெஜம், அதாவது 216 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் 12,960 முறை நாடா குறுக்கே ஓட வேண்டும். அகலம் 48 அங்குலம் என்பதால் ஒரு சேலைக்கு ஊடை நூல் மட்டும் 17,280 கெஜம்; 840 கெஜம் கொண்ட நூல் கழியில் 20க்கும் மேல். மீட்டரில் மாற்றச் சொன்னார். கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர் வந்தது. நம் ஊரிலிருந்து சேலத்துக்குப் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். விடை சரியாக வந்தவர்களை அவர் பாராட்டவில்லை. "நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கும்போது இந்த நூலை வீட்டில் யார் சுற்றுகிறார்கள்?" என்று கேட்டு, பெயரைச் சொல்லச் சொன்னார். பாதிப் பேருக்கு அம்மாவின் பெயரைச் சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்ல வைத்தார்.

ஐயா பேசி முடித்த ஏற்பாட்டில் விடுபட்டுப் போன வேலை யார் தலையில் விழுந்தது என்பதற்கான விடை அந்த வகுப்பிலேயே வந்துவிட்டது. பிள்ளைக்குப் பள்ளி என்றானபோது அப்பாவின் வேலை கூடவில்லை. தறியில் ஒருவர்தானே உட்கார முடியும். தண்ணீர் சுமந்து, சமைத்து, மாட்டைப் பார்த்து முடித்த பிறகு இரவில் சிம்னி விளக்கின் முன்னால் ராட்டையோடு உட்கார்ந்தவர் அம்மா. இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நூல் ஓடி ஓடி அங்கே தோல் தடித்து ஒரு கோடு விழுந்திருக்கும். அந்த விரலால் என் கன்னத்தைத் தொட்டால் சொரசொரப்பு தெரியும். நூல் அறுந்தால் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, எச்சில் தொட்டு முனையைத் திரித்து முடிந்துவிட்டு மறுபடி சுற்றுவார். இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. தார் சுற்றுவது நெய்வுக் கூலிக்குள்ளேயே அடக்கம். நம் ஊரில் கூலிப் புத்தகம் அப்பாவின் பெயரில் இருந்தது. ஊர் முழுக்க எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கில் செய்த உழைப்பு ஓர் ஏட்டிலும் ஒரு வரியாகக்கூடப் பதிவாகவில்லை.

ஐயா இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. முன்னேற்ற அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்துதான் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கைநாட்டு வேண்டாம், எழுதச் சொல்லிக் கொடுத்து வாங்கி வா என்பார். பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நம் பக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால், நம் தெருவில் பத்து வயதுப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பலகையில் அம்மாவுக்கு அவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்களில் யாரிடமாவது அந்தப் பழைய அறிக்கை அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். நானறிந்தவரை நம் தாய்மார்கள் தம் கையால் தம் பெயரை எழுதிய முதல் ஆவணம் அதுதான்.

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதும் ஐயாவின் பேச்சுக்கு மேலும் வலுக் கிடைத்தது. காமராஜர் காலத்து மதிய உணவையும் நினைவுகூர வேண்டும். ஆனால் என் தலைமுறை அறிந்தது சத்துணவைத்தான். மதியச் சோறு பள்ளியிலேயே கிடைத்ததால் வீட்டில் ஒரு வேளை உலை குறைந்தது. சமையல் ஆயாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நானும் வழிமொழிகிறேன்.

இப்போது சொல்லப் போவது சிலருக்கு வருத்தம் தரலாம். தாய்மார்களைப் போற்றும்போது நாம் எளிதாகக் கடந்து போகும் ஒருவர் இருக்கிறார். அம்மா உடல்நலம் குன்றியிருந்த வீடுகளிலும், அடுத்தடுத்துப் பேறுகாலம் வந்த வீடுகளிலும், அம்மாவே இரண்டாவது தறியில் உட்கார வேண்டியிருந்த வீடுகளிலும் தார் சுற்றியவர் அக்கா. தம்பி பள்ளிக்குப் போவதற்காக அக்காவின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. என் அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவர். வாய்பாட்டைத் தலைகீழாகச் சொல்வார். ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்திய ஆண்டில்தான் என்னை முதல் வகுப்பில் சேர்த்தார்கள். நான் பொறியியல் படித்து மஸ்கட்டுக்கு வந்து சம்பாதித்ததற்குப் பின்னால் என் அறிவைவிட அந்த இரண்டு சேர்க்கை, நீக்கல் பதிவுகளே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஐயாவின் முயற்சி பெரும்பாலும் பலிக்கவில்லை. பாவடியில் பேசிப் பேசிச் சில பெண்களை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தார். பலரைக் கொண்டுவர முடியவில்லை. ஓய்வு பெற்ற பின் அவரைச் சூரமங்கலத்து வீட்டில் பார்க்கப் போனபோது, அயல்நாடு போன மாணவர்களைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் பள்ளியை விட்டு நின்ற பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். எனக்குப் பாதிப் பேரைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு எல்லாப் பெயர்களும் நினைவில் இருந்தன. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயர்களை மறக்காத மனிதருக்கு எழுப்பும் கல்லில் அந்தப் பெயர்கள் இல்லாமல் போவது முறையாகாது.

இந்த யோசனைக்கு இரண்டு மறுப்புகள் ஏற்கெனவே வந்துள்ளன. இது பள்ளிக் கட்டடம், பள்ளியோடு தொடர்புடையவர்கள் பெயர் மட்டும் போதும் என்பது ஒன்று. பள்ளியை நடக்க வைத்த உழைப்பு எங்கிருந்து வந்தது என்று மேலே எழுதியதைவிட அதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை. எல்லா அம்மாவும்தானே செய்தார்கள், எல்லாப் பெயரையும் எழுத இடம் எங்கே என்பது மற்றொன்று. இதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் பள்ளியில் படித்த தறி வீடுகள் எத்தனை என்பது நமக்குத் தெரியாத கணக்கன்று. கல்லை இன்னும் ஓர் அடி அகலமாக வெட்டினால் போதும். கூடுதல் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

காலம் கடத்தவும் இயலாது. விசைத்தறி வந்த பின் ஊரில் குழித்தறி வீடுகள் மிகக் குறைந்துவிட்டன. பல வீடுகளில் குழியை மூடித் தரை போட்டுவிட்டார்கள். தார் சுற்றிய தாய்மார்களில் பலர் மறைந்துவிட்டார்கள். இருப்பவர்களுக்கு முழங்கால் வலியும் கண் புரையும். அக்காமார்கள் இளம்பிள்ளை, தாரமங்கலம், ஆட்டையாம்பட்டி என்று வாழ்க்கைப்பட்ட ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை நம் சங்கத்தின் எந்தக் கூட்டத்துக்கும் நாம் இதுவரை அழைத்ததில்லை. பொங்கலுக்கு நடக்கும் திறப்பு விழாவுக்கு அவர்களை முறைப்படி வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கல் தச்சரிடம் பெயர்ப் பட்டியலை மார்கழி பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் அண்ணன் தெரிவித்திருக்கிறார். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தார் சுற்றியவர் யார், எந்த ஆண்டுகளில், அவர் பள்ளியில் எந்த வகுப்பு வரை படித்தார் என்ற விவரங்களை ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் கைப்பேசியில் கேட்டு, கார்த்திகை முடிவதற்குள் அனுப்புங்கள். உயிரோடு இருப்பவரானால் அவருடைய சம்மதத்தையும், பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெயர்களைச் செயலாளர் அண்ணனுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அக்காவிடம் நேற்றுப் பேசினேன், சம்மதம் சொல்லிவிட்டார். திறப்பு விழாவுக்குத் தம் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.