பிளாங்க் டாக்கில் ஒரே பக்கத்துக்கு இரண்டு ஐகான்: உதவி தேவை
வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் அங் மோ கியோவில் அப்பாவோடு இருக்கிறேன். அவருடைய பழைய லேப்டாப்பில் சுபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, திரையின் ஓரத்தில் செயலிகளின் ஐகான்களை வரிசையாகக் காட்டும் பிளாங்க் டாக்கை நிறுவினேன். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கல். மெனுவில் சின்ன எழுத்தைத் தேடுவது அவருக்குப் பெரும்பாடு.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு டாக்கில் ரைட் கிளிக் செய்து, ஐகான் அளவை 72 ஆக்கினேன். டாக்குக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்ற அமைப்புப் பகுதியில் டாக் நிழலை நிறுத்தியதும் அது போய்விட்டது. சரி, அதுவரை நிம்மதி.

இப்போதைய சிக்கல்: தமிழ் முரசு நாளிதழின் தளத்துக்கு ஒரு டெஸ்க்டாப் கோப்பு (அழுத்தினால் தளத்தைத் திறக்கும் குறுக்குவழி) எழுதி டாக்கில் வைத்தேன். அதை அழுத்தினால் பக்கம் திறக்கிறது, ஆனால் திறந்திருப்பதைக் காட்டும் விளக்குப் புள்ளி அதற்கு அடுத்துள்ள ஃபயர்ஃபாக்ஸ் ஐகானுக்குக் கீழேதான் எரிகிறது. திறக்கவில்லை என்று நினைத்து அப்பா மறுபடி மறுபடி அழுத்துகிறார். நேற்று மட்டும் பதினொரு டேப்!

எந்த விண்டோ எந்த ஐகானுக்கு உரியது என்று கிளாஸ் பெயரால் சொல்லும் ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ் (StartupWMClass) வரியை அந்தக் கோப்பில் சேர்த்தும் பலனில்லை. ஃபயர்ஃபாக்ஸில் தனி புரொஃபைல் (தனி அமைப்புகள் கொண்ட பயனர் தொகுப்பு) உருவாக்கி, அதற்கு வேறு கிளாஸ் பெயர் கொடுத்தால் சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் அதற்கான கட்டளை வரியை அப்படியே இங்கே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துக் கொடுப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.