பாயசத்தில் இனிப்பு மாத்திரை: எங்கே தவறினேன்?

கேள்வி:
அம்மாவுக்கு 68 வயது, 12 வருடமாகச் சர்க்கரை நோய். காபிக்குச் சர்க்கரைக்குப் பதில் அஸ்பார்டேம் என்ற இனிப்பு மாத்திரைதான். போன வாரம் அவர் பிறந்தநாளுக்குச் சேமியா பாயசம் வைத்து, கொதிக்கும்போதே 15 மாத்திரை போட்டேன். இறக்கினால் இனிப்பே இல்லை! ஆசையாக வாயில் வைத்தவரின் முகம் வாடிவிட்டது. அந்த மாத்திரை புற்றுநோய் தரும் என்று அண்ணி வேறு பயமுறுத்துகிறார்.

பதில் 1:
கொதிக்க விட்டதுதான் காரணம், அக்கா. அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். இறக்கி, ஆறிய பிறகு கலக்குங்கள். அடுப்பில் சேர்ப்பதென்றால் சுக்ரலோஸ் என்ற வேறு இனிப்பூட்டி ஓரளவு சூடு தாங்கும். ஆனால் சேமியாவும் பாலும் எப்படியும் சர்க்கரையை ஏற்றும். அரைக் கிண்ணம் போதும்.

பதில் 2:
2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் தர வாய்ப்பு உண்டு, ஆனால் சான்று குறைவு என்று அர்த்தம். அப்போதே இன்னொரு நிபுணர் குழு, தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் வைத்தது. அம்மா 60 கிலோ என்றால் 2400 மில்லிகிராம். காபி மாத்திரைகள் அதன் கிட்டேகூட வராது. பயப்படாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்று ஆறவைத்துக் கலந்தேன். அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.