மாளிகைமேட்டு அரண்மனையைக் கைபேசியில் எழுப்பலாமா?

வழிப்போக்கன்: கங்கைகொண்ட சோழபுரம் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுப் பலரும் அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலுள்ள மாளிகைமேட்டுக்குப் போகிறவர்களுக்கும் செங்கல் வரிசைகள்தாம் தெரிகின்றன. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர் இது. கைபேசியை உயர்த்திப் பிடித்தால் அந்தச் செங்கல்லின்மேல் ராஜேந்திர சோழனின் அரண்மனை எழுந்து நிற்கும்படி ஆக்மென்டட் ரியாலிட்டி செயலி ஒன்று வந்தால் என்ன?

செங்கல்சூளை: எந்த அரண்மனை ஐயா? அகழாய்வில் கிடைத்தவை சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற்கள். தூண்களே மக்கிப் போயின. மேல்மாடம் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பீர்கள்? சினிமா அரங்கைப் பார்த்து வரைவார்கள். பிள்ளைகள் அதையே வரலாறு என்று நம்பிவிடுவார்கள்.

வழிப்போக்கன்: ஓவியர்கள் ராஜேந்திரனுக்கு வரைந்த முகம் மட்டும் நேரில் பார்த்து வரைந்ததா?

செங்கல்சூளை: ஓவியம் என்று தெரிந்துதான் ஓவியத்தைப் பார்க்கிறோம். இதுவோ அதே இடத்தில், அதே சுவரின்மேல் ஒட்டி நிற்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அளவுகோல்: உறுதியானதை முழு வண்ணத்திலும் ஊகத்தை வெறும் கோட்டிலும் காட்டலாமே? எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும் எனப் பழஞ்சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான நெறிமுறையான 2009ஆம் ஆண்டின் லண்டன் சாசனமே கேட்கிறது. இன்னொன்று: கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். அதை மட்டும் நம்பினால் ராஜாவின் சுவர் அடுத்த அறைக்குள் போய் நிற்கும். கேமரா பார்த்து இடத்தை உறுதி செய்துகொள்ள அடையாளப் பலகைகள் தேவை. சித்திரை வெயிலில் திரை தெரியுமா என்பது வேறு கதை.

கொள்ளிடத்தான்: அரண்மனையை விடுங்கள், கோயில் மதிலைக் காட்டுங்கள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டக் கல் வேண்டுமென்று ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். தடுத்த ஊர்மக்களுக்குத் தண்டனை கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போயிற்று என்கிறது அந்த நூற்றாண்டுக் குறிப்பு. இதில் கற்பனைக்கு என்ன வேலை?

செங்கல்சூளை: மதில் என்றால் எனக்குச் சம்மதம். இடித்ததையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

வழிப்போக்கன்: கோயில் மதிலை மட்டும் காட்டினால் எந்தப் பிள்ளை மாளிகைமேடுவரை நடக்கும்? எனக்கு அரண்மனையும் வேண்டும், கோட்டோவியமாகவாவது.

செங்கல்சூளை: முதலில் அங்கே நிழலும் குடிநீரும் வையுங்கள், நடப்பார்கள்.