இறைச்சி மெஷினில் கூழாக வருகிறது, கத்தியிலா பிழை?

மருதமுனைப் பொண்ணு:
மேசையில் பூட்டிக் கையால் சுற்றுகிற இறைச்சி மெஷின், 10ஆம் நம்பர், புதிதாக வாங்கினோம். கடையில் அரைத்து வாங்கினால் கொழுப்பும் சவ்வும் எவ்வளவு சேருகிறது என்று தெரிவதில்லை. வாப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் வேறு. கட்லட்டுக்கும் சமோசாவுக்கும் வீட்டிலேயே அரைத்தால் காசும் மிச்சம் என்று நினைத்தோம்.

முதலில் நன்றாகத்தான் வருகிறது. கொஞ்ச நேரத்தில் கைபிடி இறுகுகிறது, இறைச்சி கூழாகிறது, சாறு பின்பக்கத்தால் வடிகிறது. கழற்றினால் கத்தியில் வெள்ளைச் சவ்வு சுற்றிக் கிடக்கிறது. சாறும் கறுப்பாக இருக்கிறது. காலையில் வாங்கிய மாட்டிறைச்சி, கழுவி, வெட்டி, உடனே போட்டேன். பிழை கத்தியிலா, இறைச்சியிலா?

கல்முனைக் கடைக்கார காக்கா:
தங்கச்சி, கத்தியின் தட்டையான, கூரான பக்கம் ஓட்டைத் தட்டைப் பார்த்து இருக்கவேண்டும். மாறிப் போட்டால் வெட்டாது, நசுக்கும். முன்னால் உள்ள வளையத்தையும் நன்றாக இறுக்குங்கள். கத்தியும் தட்டும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி உரசினால்தான் வெட்டும். இடைவெளி விழுந்தால் சவ்வு அதற்குள் நுழைந்து சுற்றிக்கொள்ளும்.

எந்தத் துண்டு வாங்கினீர்கள்?

மருதமுனைப் பொண்ணு:
கத்தி சரியாகத்தான் இருக்கிறது காக்கா. இறுக்கினால் சுற்றக் கஷ்டம் என்று வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தித்தான் வைத்தேன். விலை குறைவு என்று கால் பக்கத்துச் சதை வாங்கினேன்.

கல்முனைக் கடைக்கார காக்கா:
அப்ப ரெண்டும்தான். கால் சதை ஆணத்துக்கு நல்லது, கை மெஷினுக்கு ஆகாது, முழுக்க நரம்பு. தோள் பக்கம் அல்லது கழுத்து கேளுங்கள், அதுவும் விலை குறைவுதான். வெள்ளைச் சவ்வைச் சீவி எடுத்துவிட்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். சீவியதை எறிய வேண்டாம், எலும்போடு சேர்த்து சூப் வைக்கலாம்.

அன்று அறுத்த இறைச்சியை அன்றே அரைப்பதும் நம்ம ஊர் வெயிலுக்குச் சரிவராது. இறைச்சி சூடாக இருந்தால் கொழுப்பு இளகித் தட்டு ஓட்டையை அடைக்கும். ஒரு இரவு பிரிட்ஜில் வையுங்கள். அரைக்க முன் துண்டுகளைத் தட்டில் பரப்பி, ஓரம் விறைக்கும்வரை ஃபிரீசரில் வையுங்கள். கல்லாகக்கூடாது. கத்தி, தட்டு, உள்ளே சுழலும் திருகு எல்லாவற்றையும் கூடவே வைத்தால் இன்னும் நல்லது. பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று கடை பூட்டு, அதனால் முந்திய நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

கல்லடி மெக்கானிக்:
கறுப்புக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். புது மெஷினில் ஃபெக்டரி எண்ணெயும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். சுடுதண்ணீர், சோப் போட்டுக் கழுவி, காய்ந்த பாண் துண்டை அரைத்து எறியுங்கள், பாண் வெள்ளையாக வரும்வரை. உடல் அலுமினியமாக இருந்தால் சோடா சேர்ந்த பவுடரால் தேய்க்க வேண்டாம், அதுவே கறுப்புக் கக்கும். கழுவியவுடன் துடைத்து, கத்திக்கும் தட்டுக்கும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி வையுங்கள். நம்ம உப்புக்காற்றுக்கு ஒரே இரவில் துரு பிடிக்கும்.

ஏறாவூர் ராத்தா:
கழுவி உடனே போட்டதும் பிழைதான் மகள். ஈரம் கூடினால் கூழாகும்.

மருதமுனைப் பொண்ணு:
கழுவாமல் எப்படி ராத்தா அரைப்பது? உம்மா வீட்டுக்குள் விடமாட்டா!

ஏறாவூர் ராத்தா:
கழுவுங்கள், ஆனால் வேகமான தண்ணீரில் வேண்டாம், தெறித்துச் சிங்க் முழுக்கக் கிருமி பரவும். வடியவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். கழுவினால் கிருமி போய்விடும் என்று மட்டும் நம்பவேண்டாம், வேகவைத்தால்தான் போகும். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேலேதான். அரைத்தால் உள்ளே எல்லாம் கலந்துவிடும். அதனால் அரைத்த மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் நடுவில் 71 பாகை, கோழி 74 பாகை செல்சியஸ் சூடு ஏறவேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது, சிலவேளை வேகும் முன்னே பழுப்பாகிவிடும். கட்லட்டுக்கு முதலே வதக்கி வேகவைக்கிறோம், பயமில்லை. பச்சையாக உருட்டிப் பொரிக்கிற கோப்தாவில்தான் கவனம்.

வாப்பாவுக்கு என்றால் கொழுப்பைச் சீவிவிட்டே அரைக்கலாம். கட்லட்டில் உருளைக்கிழங்கு பிடித்துக்கொள்ளும். கோப்தாவுக்குக் கொழுப்பே இல்லாவிட்டால் செருப்பு மாதிரி வரும், அதை அவருக்குக் கொடுக்காமல் நீங்கள் சாப்பிடுங்கள்.

அக்கரைப்பற்று தம்பி:
எதற்கு இவ்வளவு பாடு, மிக்ஸியில் அடித்தால் என்ன?

கல்முனைக் கடைக்கார காக்கா:
கொஞ்சமாக, விறைத்த துண்டாக, விட்டு விட்டு அடித்தால் ஆகும் தம்பி. தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி பசைதான். ஒரு கிலோவுக்கு மேல் என்றால் உங்கள் மிக்ஸி மோட்டாரை நினைத்துப் பாருங்கள்.

மருதமுனைப் பொண்ணு:
வளையத்தை இறுக்கி, தோள் பக்கத்து இறைச்சியை விறைக்க வைத்து அரைத்தேன். நூல் நூலாக வந்தது, சாறும் வடியவில்லை. பாண் அரைத்ததும் கறுப்பும் போய்விட்டது. அடுத்து நோன்புக்கு முன் கூடுதலாக அரைத்து வைக்கலாமா? எவ்வளவு நாள் இருக்கும்?

ஏறாவூர் ராத்தா:
பிரிட்ஜில் ஒன்று, ரெண்டு நாள்தான். ஃபிரீசரில் மூன்று, நாலு மாதம் ருசி கெடாமல் இருக்கும். ஒரு சமையலுக்கு ஒரு பை என்று போட்டு, தட்டையாக அமுக்கி, தேதி எழுதி வையுங்கள், சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் இளகும். இளக்குவது பிரிட்ஜுக்குள்தான், குசினி மேசையில் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃபிரீசர் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24 தான். கீழே பிரிட்ஜில் இருக்கிற இறைச்சிக்கு நாலு மணித்தியாலம்தான் கணக்கு.