மாஸ்ட் செல் கட்டி: அறிக்கை சொன்னதும் எங்கள் நாய்களுக்கு நடந்ததும்

நிலவன்
மாஸ்ட் செல் கட்டி (நாய்களின் தோலில் வரும் ஒரு புற்றுநோய்) வந்த நாய்களை வளர்த்த நமக்கு அறுவை சிகிச்சை வரையிலான கதை தெரிந்ததுதான் என்பதால், பயாப்ஸி அறிக்கை வந்த இரவை மட்டும் எழுதுகிறேன். என் மணி, எட்டு வயது லாப்ரடார், விலாவில் கட்டி, அறிக்கையில் "கிரேடு 2", அதாவது செல்களின் தோற்றத்தை வைத்துத் தரும் மூன்று படிகளில் நடுவானது. இந்தக் கட்டிக்கு அப்படிக் கிரேடு வகுத்த பட்னாய்க் குழுவினரின் 1984ஆம் ஆண்டு ஆய்வைத் தேடிப் படித்தேன். 1500 நாட்களுக்குப் பின் உயிரோடு இருந்தவை முதல் கிரேடில் 93 விழுக்காடு, இரண்டாவதில் 47, மூன்றாவதில் 6. அந்த 47ஐ நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, தையலை நக்க முடியாத மணி, கழுத்தில் மாட்டிய கூம்பைத் தரையில் உரசியபடி என் காலடியில் சுற்றிச் சுற்றி வந்தான். இவன் எந்தப் பாதியில் இருக்கிறான் என்று மறுநாள் மருத்துவரைக் கேட்டேன். "இந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல இயலாது" என்றார். மூன்று ஆண்டுகள் கழிந்தும் மணி நலமாக இருக்கிறான். ஆனாலும் அவர் என்னைத் தட்டிக்கழித்தார் என்ற வருத்தம் போகவில்லை.

மழைத்துளி
நிலவன், அது தட்டிக்கழிப்பது அல்ல. பெரும்பாலான கட்டிகள் அந்த நடுக் கிரேடில் போய் விழுந்தன. ஒரே கட்டியைப் பார்க்கும் நோயியல் வல்லுநர்களுக்குள்ளேயே அதில் கருத்து வேறுபாடு இருந்தது. அதனால்தான் 2011இல் கியூப்பெல் குழுவினர் உயர் கிரேடு (ஆபத்து மிகுந்தது), தாழ் கிரேடு என்று இரண்டாக மட்டும் பிரித்தார்கள். நுண்ணோக்கியில் உயர் உருப்பெருக்கத்தில் பார்க்கும் 10 புலங்களில் (பார்வை வட்டங்களில்) 7 அல்லது அதற்கு மேற்பட்ட செல் பிளவுகள் இருந்தாலே அது உயர் கிரேடு. பல உட்கருக்கள் கொண்ட செல்களுக்கும் விகாரமான உட்கருக்களுக்கும் அதுபோலவே தனி வரம்புகள் உண்டு. என் தாராவின் அறிக்கையில் செல் பிளவு என்ற வரிக்கு எதிரே 11 என்று இருந்தது. மருத்துவர் ஒன்றும் பேசாமல் அந்த எண்ணின் மீது விரலை வைத்தார். அந்த விரல்தான் இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது. உயர் கிரேடில் இடைநிலை ஆயுள் நான்கு மாதத்திற்கும் குறைவு என்கிறார்கள். தாரா பதினொரு வாரம் இருந்தாள்.

சாரல்
எங்கள் சிட்டுவுக்குத் தாழ் கிரேடுதான். தொட்டுப் பார்த்தபோது அருகிலுள்ள நிணநீர்க் கணு (புற்றுநோய் பரவக்கூடிய சிறு முடிச்சு) இயல்பாக இருந்ததால் யாரும் அதிலிருந்து ஊசியால் செல் எடுத்துப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து அது எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்ததை நான்தான் குளிப்பாட்டும்போது கண்டேன். ஆகவே இப்போதுதான் கட்டியைக் கண்டவர்களுக்குச் சொல்கிறேன்: கணு பெரிதாக இல்லாவிட்டாலும் செல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் இயல்பான அளவுள்ள கணுவிலும் நோய் பரவியிருக்கக்கூடும். கிரேடு என்பது செல்களின் தோற்றம், ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டி தோலில் இருக்கிறதா, தோலுக்கு அடியில் மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கிரேடுகள் தோல் கட்டிகளுக்காக வகுக்கப்பட்டவை, அடியில் இருப்பவை பெரும்பாலும் சாதுவாகவே நடந்துகொள்கின்றன. ஐயம் இருந்தால் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 சோதனையும், கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் சி-கிட் மரபணு மாற்றத்தைத் தேடும் சோதனையும் உதவும். கட்டியை அழுத்திப் பார்க்கவே கூடாது; அந்தச் செல்களில் உள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியேறினால் சுற்றிலும் சிவந்து வீங்கும், இரைப்பையில் புண் வந்து மலம் கறுப்பாகப் போகவும் நேரும்.

வேலன்
சாரல், யாரும் கேட்காத அறிவுரை என்றாலும் கணுவைப் பற்றிய பேச்சை ஏற்கிறேன். ஆனால் மழைத்துளி சொன்ன நான்கு மாதத்தைப் படித்துவிட்டு இன்று யாராவது சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். இடைநிலை என்றால் அந்த நாய்களில் பாதி அதற்கு மேலும் வாழ்ந்தன என்றுதான் பொருள். எங்கள் பூரணிக்கும் உயர் கிரேடுதான். கணுவில் நோய் இல்லை, வெட்டி எடுத்த பகுதியின் ஓரங்கள் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமாக வந்தன, பிறகு வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி மருந்தும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்தோம். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் வெள்ளணுக்களை எண்ணுவதற்காக இரத்தம் எடுப்பார்கள். ஐந்தாவது முறை, யாரும் சொல்லாமலேயே அவள் மேசைமேல் ஏறி முன்காலை நீட்டினாள். செவிலியர் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஊசியை எடுக்காமலே நின்றார். அதன் பிறகு பூரணி பதினான்கு மாதம் எங்களோடு இருந்தாள்.