புதுப்பிப்பு: நாய்க்கு உலர் தீவனத்திலிருந்து வீட்டுச் சாப்பாடு

சிக்கன், சோறு, கேரட் வேகவைத்து, உலர் தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து, பத்து நாளில் நாயை வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதில் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

முதலாவது கால்சியம். இது இல்லாமல் அந்த முறையைத் தொடராதீர்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் மாவு போல வழுக்க வேண்டும். நறநறவென்றால் இன்னொரு சுற்று. அரை கிலோ சமைத்த சாப்பாட்டுக்கு அரை டீஸ்பூன், ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கால்சியம். சமைத்த எலும்பு இதற்கு மாற்று இல்லை, அது ஊசி போல் உடைந்து குடலைக் கிழிக்கும்.

இரண்டாவது அளவு. வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிராம் உலர் தீவனத்துக்குப் பதில் சுமார் 250 கிராம் வேண்டும். அதே கிண்ணத்தில் அதே அளவு போட்டால் நாய் இளைக்கும். இரண்டு வாரத்துக்கொருமுறை எடை பாருங்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பது இயல்பே.

ஈரல் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு சொட்டுகூடக் கூடாது. மாற்றும்போது மலம் இளகினால் கலவையில் வீட்டுச் சாப்பாட்டை முந்தைய விகிதத்துக்கே இறக்கி, மூன்று நாள் அதே விகிதத்தில் கொடுங்கள். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, கால்நடை மருத்துவரிடம் கேட்டே மாற்றுங்கள்.